ரயில் மறியலில் நான் சொன்ன பெயர்

ரயிலை மறித்தவள் நான். போலீசில் பதிவானது செல்வியின் பெயர். அந்தப் பெயரைச் சொன்னது என் வாய்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வருகிற பழக்கம் மேடையில் பேசுகிறவர்களுக்கு உண்டு. அவர்களை நிறையக் கேட்டவள் நான். அந்தப் பழக்கம் என்னிடம் வேண்டாம். நீங்கள் இத்தோடு மூடிவைத்துவிட்டு எழுந்து போனாலும் எனக்குச் சம்மதமே.

நான் பிள்ளையார்பாளையத்துக்காரி. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், மெதுவாக எழுதுவேன். அதுவும் என் வீட்டுக்காரர் கற்றுக்கொடுத்தது. அவர் நெசவாளர் சங்கத்தில் இயக்குநராக இருந்து காலமானவர். எவன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கட்டை விரலை நீட்டாதே, கையெழுத்தைப் போடு என்பார். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் கைநாட்டு வைக்காதவள் நான் ஒருத்திதான். ஊருக்கே அது தெரியும். தெரியும்படி நானும் நடந்துகொண்டேன்.

அவர் போன பிறகும் தெருவில் என் சொல் செல்லும். எந்தக் கட்சிக்காரனுக்குக் கூட்டத்துக்குப் பெண்கள் வேண்டுமென்றாலும் என் வாசலில்தான் வந்து நிற்பான். நான் ஒரு குரல் கொடுத்தால் தறியை நிறுத்திவிட்டு, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, ஒரு பஸ் நிறையப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு, சில சமயம் புடவை உண்டு. நான் எதையும் கையால் தொட்டதில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் முன் வரிசையில் ஒரு நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் முன் வரிசை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களுக்கும் எங்காவது ஒரு நாற்காலி இருக்கும்.

என்னிடம் அடிக்கடி வந்தவன் ஏகாம்பரம். இந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. இவன் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டே இருக்கிற ஏகாம்பரம். அப்போது இங்கே ஆள்கிறவர்களின் கரையைக் கட்டியிருந்தான்.

"அம்மா, டெல்லிக்காரன் நம்ம ரயிலுக்கு ஒண்ணும் குடுக்கலம்மா. வடக்க மட்டும் அள்ளிக் குடுத்துக்கினு இருக்கான். நம்ம ரூட்டப் பாரு, ஒத்தத் தண்டவாளம். எதிர்ல ஒரு வண்டி வந்தா நம்ம வண்டி ஓரமா நின்னு வழி உடணும். இவ்ளோ பெரிய கோயில் ஊரு, ஸ்டேஷன் இருக்கற அழகப் பாத்தியா? மறியல் பண்ணியே ஆவணும்."

"இங்க உங்க ஆட்சிதானே நடக்குது. நீங்க இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"நிலத்த எடுத்துக் குடு, பணம் தரேன்னு அவன் சொல்றான். பணத்தக் குடு, நிலத்த எடுக்கறேன்னு நாங்க சொல்றோம்."

"அப்ப ரெண்டு பேரும் சொல்லிக்கினே இருக்கறீங்க."

"அதாம்மா அரசியல்" என்று பல்லைக் காட்டினான். "உன்ன முன்னால உக்கார வெக்கறேன். டிவில வரும்."

டிவியில் வரும். அதற்குத்தான் போனேன். ஒற்றைத் தண்டவாளமாக இருந்தால் எனக்கென்ன, இரட்டையாக இருந்தால் எனக்கென்ன? நான் ரயிலேறிப் பல வருஷம் ஆகியிருந்தது.

காலை வண்டி. செங்கல்பட்டு வழியாகப் பட்டணம் போகிற வண்டி. மறியல் எவ்வளவு நேரம் என்பதை ஏகாம்பரமும் போலீஸ்காரர்களும் முந்தின நாளே டீக்கடையில் பேசி முடித்திருந்தார்கள். படம் எடுக்கிற வரைக்கும் மறியல், எடுத்ததும் கைது. ஜல்லி குத்தும் என்று எங்களுக்குச் சாக்கு விரித்துவைத்திருந்தார்கள். உரிமைக்காகத் தண்டவாளத்தில் உட்காருகிறவர்களுக்குச் சாக்கு! வண்டி ஓட்டுகிறவர் தொலைவிலேயே நிறுத்திவிட்டுப் பிளாஸ்கைத் திறந்தார். அவருக்கும் யாரோ சொல்லிவைத்திருக்க வேண்டும்.

நான் நடுவில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் காசியம்மாள். பக்கத்து வீட்டுக்காரி, தறிக்கு நூல் சுற்றுகிறவள், என்னைவிடச் சிறியவள். நான் எங்கே உட்கார்ந்தாலும் என் தோளை ஒட்டி உட்காருவாள். என்னத்துக்கு நிதி, யாருக்கு வாழ்க என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வண்டியிலிருந்து ஒரு பெண் குதித்து இறங்கி வேகமாக வந்தாள். செல்வி. எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். அவள் புருஷன் மோகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். இவள் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனிக்குத் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, நீங்களா? எழுந்துருங்க. லேட்டா போனா கேட்டுக்குள்ள உட மாட்டாங்க."

"உனக்காகத்தாண்டி உக்காந்துக்கினு இருக்கறோம். உன் ரயிலுக்குத்தான் பணம் கேக்கறோம்."

அவள் கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கடைசியா எப்ப பெரியம்மா ரயில்ல போனீங்க? பிரியாணிக்கு உக்காந்துக்கினு எனக்காகன்னு சொல்லாதீங்க."

பெண்கள் சிரித்தார்கள். நான் கூட்டி வந்த பெண்கள். காசியம்மாள்கூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டிவிக்காரன் அந்த நேரம் பார்த்துப் படம் பிடித்தான். நீட்டிய கையும் திறந்த வாயுமாகச் செல்வி அதில் நின்றாள். பார்க்கிறவர்களுக்கு அவள் கோஷம் போடுவதாகத்தான் தெரியும்.

பிரியாணிக்கு... ஒரு பொட்டலத்தைக்கூடத் தொடாத என்னைப் பார்த்து.

செல்வி திரும்பிப் போய் வண்டியில் ஏறிக்கொண்டாள். மறியலில் உட்கார்ந்த எங்களைப் பஸ்ஸில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். அடைப்பு என்றால் சாப்பாடு, மின்விசிறி, சாயந்தரம் விடுதலை. மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற சோபாவில், ஏகாம்பரம் சாய்ந்துகொண்டு யாருக்கோ போனில், "சிறையிலேர்ந்துதான் பேசறேன் தலைவரே" என்றுகொண்டிருந்தான். எத்தனையோ முறை பார்த்த கூத்து.

ஆனால் இந்த முறை ரயில்வே போலீஸ் தனியாக வந்தது. டெல்லியை எதிர்த்த மறியல் அல்லவா? இந்த முறை நிஜமாகவே கேஸ் போடு என்று மேலே இருந்து சொல்லிவிட்டார்களாம். ஒரு சின்ன வயதுப் பெண் போலீஸ், சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வரிசையாகப் பெயர் எழுதினாள்.

என் முறை வந்தது.

"ஆயா, பேரு?"

ஆயா! என்னை அந்த மண்டபத்தில் அம்மா என்று கூப்பிடாதவர்கள் அதுவரை கிடையாது. அதையாவது விழுங்கியிருப்பேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். முன்னால் நின்றவளிடம் அவள் கேட்டதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். புருஷன் பேரு?

என் வீட்டுக்காரர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் பக்கத்தில் நிற்கிற யாராவது எனக்காகச் சொல்வார்கள். எங்கள் காலத்துப் பெண்களுக்கு அது வழக்கம். காசியம்மாள் அதற்காகவே என் பின்னால் நின்றாள். வாயையும் திறந்துவிட்டாள்.

சங்கத்துச் சுவரில் படமாகத் தொங்குகிற மனிதரின் பெயர். அது போலீஸ் காகிதத்தில், ரயிலை மறித்த ஒருத்தியின் புருஷன் என்று ஏறுவதா? இந்தப் பொடிப் பெண்ணின் பேனாவால்? காசியம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"செல்வி" என்றேன்.

"புருஷன் பேரு?"

"மோகன்."

சொந்தப் புருஷன் பெயரை ஆயுசில் சொல்லாத வாய், வேறொருத்தி புருஷன் பெயரைக் கூசாமல் சொல்லியது. செல்வியின் வயசையும் தெருப் பெயரையும் சரியாகவும், கதவு எண்ணைத் தப்பாகவும் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவே இல்லை. நிமிர்த்திப் பார்த்திருந்தால் இந்த நரைத்த தலைக்கும் அவள் எழுதிக்கொண்ட வயசுக்கும் பொருந்தாது என்று தெரிந்திருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் யார் இந்த நாட்டில்? அவளும் செய்யவில்லை.

கையெழுத்தா ரேகையா என்று கேட்டாள். செல்வி என்று எழுத எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாய்க்கு வந்த பொய் கைக்கு வரவில்லை. கட்டை விரலை நீட்டினேன். என் வீட்டுக்காரர் எதைச் செய்யாதே என்றாரோ அதை, அவர் பெயரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்தேன்.

ஏன் செல்வியின் பெயர்? எத்தனையோ பெயர் இருக்கிறதே... கோபம் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபமாக இருந்தால் சாயந்தரம் ஆறியிருக்கும், மறுநாள் போய் மாற்றி எழுதச் சொல்லியிருப்பேன். சாயந்தரம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் உண்மை.

திரும்பி வருகிற பஸ்ஸில் காசியம்மாள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்க்கா, அந்தப் பொண்ணு பேரப் போயி..."

"சும்மா இருடி. நாளைக்கே குப்பைக்குப் போற காயிதம்."

"குப்பைக்குத்தான் போவும்னா உன் பேரயே சொல்லியிருக்கலாமேக்கா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. என்னிடமும் இல்லை, வேறு யாரிடமும் இல்லை.

பிறகு பணம் வந்தது. வந்ததா, வந்ததாக அறிவித்தார்களா என்பதை நீங்களே போய் ஸ்டேஷனில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் முழுக்கப் போஸ்டர். நாங்கள் கொடுத்தோம் என்று டெல்லிக்காரர்கள் ஒட்டினார்கள். நாங்கள் போராடி வாங்கினோம் என்று இங்கிருப்பவர்கள் அதன் மேலேயே ஒட்டினார்கள். மழை பெய்து இரண்டும் சேர்ந்து உரிந்தது.

ஏகாம்பரம் மறுபடியும் வந்தான். கரை மாறியிருந்தது. இப்போது டெல்லிக்காரர்களின் கரை.

"அம்மா, மேலேர்ந்து அள்ளிக் குடுத்துட்டாங்கம்மா. விழா வெக்கறோம். நன்றி சொல்ல ஆளு வேணும்."

"ஒண்ணும் குடுக்கலன்னு ஒக்கார வெச்சியே என்ன."

"அப்ப குடுக்கல. நான் இந்தப் பக்கம் வந்தேன், குடுத்துட்டான்."

அதே பெண்களைத்தான் கூட்டிப் போனேன். அதே முன் வரிசை. டெல்லியில் ஒருவர் பொத்தானை அழுத்த, இங்கே கல்வெட்டின் மேலிருந்த திரை விலகியது. அதைப் பெரிய டிவியில் பார்த்தோம். திரும்பினால் எதிரிலேயே கல்வெட்டு. கல்வெட்டில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று சண்டை வந்தது. இங்கே ஆள்கிறவர்கள் எழுந்து வெளியே போனார்கள், மற்றவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்துக் கத்தினார்கள். பெயருக்காக இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று நான் காசியம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஸ்டேஷனுக்குக் கோபுரம் மாதிரி ஒரு முகப்பு வைத்தார்கள். கோபுரமில்லாத ஊர் பாருங்கள் இது! தண்டவாளம் மட்டும் அதே ஒற்றை. எதிரே வண்டி வந்தால் நம் வண்டி ஓரமாகத்தான் நிற்கிறது, கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பணத்தில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கக் கமிஷன் அடிப்படையில் உள்ளூர் ஆள் எடுத்தார்கள். செல்வி மனுப் போட்டாள். அவளுக்கே கிடைத்தது. பால்கோவாவை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தண்டவாளத்தில் பேசியதை அவள் எப்போதோ மறந்திருந்தாள். வாயில் வந்ததைப் பேசிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுகிற ஜாதி அவள்.

"கம்பெனிய உட்டுட்டேன் பெரியம்மா. இனிமே கூண்டுக்குள்ள நான் உக்காந்துக்கினு இருப்பேன், நீங்க வந்து டிக்கெட் கேளுங்க. சில்லறை இல்லாம வந்தா தர மாட்டேன்."

பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு ஆசீர்வாதம் செய்தேன்.

சேருவதற்கு முன் போலீஸ் விசாரணை நடந்தது. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார்களாம், ரயிலை மறித்த கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று வந்தது. கதவு எண் தப்பாக இருந்ததால் கோர்ட் நோட்டீஸ் ஒன்றுகூட அவளுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ரயிலை மறித்தவளுக்கு ரயில்வே எப்படி வேலை தரும்? கேஸை முடித்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்றார்கள்.

அவள் நேராக என்னிடம்தான் வந்தாள். வேறு எங்கே போவாள்?

"பெரியம்மா, அன்னைக்கு யாரு யாரு இருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். நான் வண்டியிலேர்ந்து எறங்கனத நீங்க பாத்தீங்க. வந்து சொல்லுங்க பெரியம்மா."

அதற்கு முந்தின மாதம்தான் காசியம்மாள் காய்ச்சலில் போயிருந்தாள். செல்வி அழுதுகொண்டிருந்தபோது என் மனசு எதை நினைத்தது தெரியுமா? இனி யாருக்கும் தெரியாது. அதைத்தான் நினைத்தது.

சொல்கிறேன் என்றேன். அவளை ஏகாம்பரத்திடம் அழைத்துப் போனேன். எனக்குச் செல்வாக்கு இருக்கிறதல்லவா?

"மாநிலப் போலீசு போட்ட கேசெல்லாம் அப்பவே வாபஸ் ஆயிடுச்சும்மா" என்றான் அவன். "இது ரயில்வே கேசு. டெல்லி பாக்கணும்."

"நீ இப்ப அந்தப் பக்கம்தானே இருக்கற?"

"அதான் கஷ்டம். எங்க ஆட்சிய எதுத்து மறியல் பண்ணவள நானே போயி எப்படிக் காப்பாத்தறது?"

"மறியல் பண்ணதே நீதானடா."

"அத ஏம்மா சத்தமா சொல்ற?" என்று கதவைச் சாத்தினான்.

"உன் பேரு கேசுல இல்லியா?"

"தலைவருங்க பேரையா எழுதுவாங்க? சாப்பிட வந்த பொம்பளைங்க பேரத்தான் எழுதுவாங்க."

தூ என்று வாசலில் துப்பிவிட்டு வந்தேன். நடந்து வரும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காக இவ்வளவு பேசறீங்களே பெரியம்மா என்றாள். அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவன் கரையை மாற்றிக்கொள்கிறான், நான் மாற்றிக்கொள்ளவில்லை. அது மட்டும்தான் தோன்றியது.

பட்டணத்தில் ரயில்வே கோர்ட். சாட்சி சொல்ல நானும் போனேன். மோகன் ஏற்பாடு செய்த வக்கீல், கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு, வராந்தாவிலேயே விஷயத்தை முடித்தார்.

"டிவில வந்த உன் போட்டோ கேஸ் கட்டுல இருக்கு. கைய நீட்டிக் கத்தற."

"எழுந்துருங்கன்னு சொன்னேன் சார்."

"போட்டோவுல சத்தம் வராதும்மா."

"ரேகை வெச்சிருக்காங்க சார். எனக்கு எழுதத் தெரியும். நான் எதுக்கு ரேகை வெக்கப் போறேன்?"

"ஒப்பிட்டுப் பாக்க ஆய்வுக்கு அனுப்பலாம். வருஷக்கணக்கா இழுக்கும். அதுவரைக்கும் வேலை காத்துக்கினு இருக்குமா? ஒத்துக்கினா அபராதம், இன்னைக்கே முடிஞ்சிடும்."

"செய்யாதத எப்படி சார் ஒத்துக்கறது?"

"செஞ்சியா இல்லியான்னு இங்க யாரும்மா கேட்டா? முடியணுமா வேணாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பெரியவள் அல்லவா, நான் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று. விரல் என்னுடையது, அதோ இருக்கிறது, வைத்துப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தால் ஆய்வும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நான் சொன்னது, "வக்கீலு சொல்றத கேளு."

உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தேன். செல்வி, கணவர் பெயர் மோகன் என்று கூப்பிட்டார்கள். நான் உண்டாக்கிய அந்தப் பெண்ணை, நான் சொன்ன சொற்களாலேயே கூப்பிட்டார்கள். என் முழங்கால் அசைந்தது. எழுந்தேனா? புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். செல்வி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.

அந்த ஒப்புதல் என்னுடையது. அவள் அதை எனக்குப் பதிலாகச் சொன்னாள், அவளுக்கே தெரியாமல்.

திரும்பும்போது ரயிலில் வந்தோம். வழியில் வண்டி நின்றது. எதிர் வண்டிக்கு வழிவிட வேண்டுமாம். ஜன்னலோரம் என்னை உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். நின்ற வண்டியில் பேச்சுக்கு நேரம் நிறைய இருந்தது.

"எம் பேர எவ பெரியம்மா குடுத்திருப்பா? ரேகை வெக்கறவதான் எவளோ. உங்க மேல யாராவது சந்தேகப்பட்டாக்கூட நான் சொல்லுவேன், பெரியம்மா ஒரு நாளும் கைநாட்டு வெக்க மாட்டாங்கன்னு. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க."

நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் யாரோ என்றிருக்கலாம். அதற்கும் என்னால் முடிந்திருக்கும். ஆனால் உங்களுக்குத் தெரியும் என்று அவள் சொன்னாளே... எனக்குத் தெரியாத ஒன்று இந்தத் தெருவில் இருக்கக் கூடாது அல்லவா?

"காசியம்மா" என்றேன்.

எதிர் வண்டி இரைச்சலோடு கடந்து போனது.

"செத்துப் போனவங்கள இனிமே இன்னா கேக்கறது" என்றாள் செல்வி.

ஆமாம். அதற்காகத்தானே அவளைச் சொன்னேன். வந்து மறுக்க மாட்டாள். உயிரோடு இருந்தபோதும் அவள் மறுத்திருக்க மாட்டாளோ என்னவோ, எனக்குத் தெரியாது.

வேலையும் கிடைக்கவில்லை. கேஸ் நிலுவையில் இருக்கிறது என்று முன்பு மறுத்தவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டவளுக்கு இல்லை என்று இப்போது மறுத்தார்கள். முடித்துக்கொண்டு வா என்றவர்களும் இவர்களேதான்! கூண்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறார்கள். விட்டுவந்த கம்பெனி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில், வருகிறவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகிற புடவைகளை நாள் முழுக்க நின்றுகொண்டு மடித்துவைக்கிறாள். கால் வீங்குகிறது என்கிறாள். என் வீட்டுக்கு வரும்போது மட்டும் உட்காருகிறாள்.

நீங்கள் கேட்பீர்கள், இப்போதாவது போய்ச் சொல்லக் கூடாதா என்று. சொன்னால் என்ன ஆகும்? தண்டனையை ரத்துசெய்ய வழி இருக்கிறதாம், வக்கீல் ஒரு முறை சொன்னார். உண்மையாகச் செய்தவள் முன்வந்தால். இந்த வயதில் என்னை யாரும் ஜெயிலில் போடப் போவதில்லை. அபராதம் கட்டிவிட்டு வந்துவிடலாம். அப்படியானால் எதற்குப் பயப்படுகிறேன்? தெருவுக்கா? இந்தத் தெருவை நான் மதிப்பதே இல்லை. ஒரு பொட்டலத்துக்கு எந்தக் கொடியையும் தூக்குகிற தெரு. மதிக்காத தெருவின் மரியாதை போய்விடும் என்று ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்து வைத்திருக்கிறேன். கட்சிக்காரர்களையும் போலீஸையும் வக்கீலையும் இவ்வளவு நேரம் ஏசினேனே, அவர்களில் ஒருவனாவது இப்படிச் செய்திருப்பானா?

செய்திருப்பான். அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை.

பாருங்கள், எல்லோர் பெயரையும் இதில் எழுதிவிட்டேன். என் பெயரை எழுதவில்லை. எழுதலாம் என்று இரண்டு முறை பேனாவைக் காகிதத்தில் வைத்தேன்...

போன வெள்ளிக்கிழமை காசியம்மாளுக்கு முதல் வருஷப் படையல். அவள் மகள் கௌரி வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள். கௌரியும் செல்வியும் ஒரு வயதுப் பெண்கள். ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகாத நாள் முன்பெல்லாம் கிடையாது. இப்போது குழாயடியில் கௌரி வந்தால் செல்வி குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள்.

படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பெரியவள் என்று முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். கௌரி என் எதிரில் குனிந்து பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"பெரியம்மா, செல்விய வந்து ரெண்டு வாட்டி கூப்ட்டேன். மூஞ்சத் திருப்பிக்கினு போறா. எங்கம்மா இன்னா பண்ணிச்சு அவளுக்கு? உங்க கிட்ட எதுனா சொன்னாளா?"

அவள் கரண்டி நின்றது. வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்ன நடந்தாலும் இந்தத் தெருவில் என்னிடம்தானே கேட்க வேண்டும்?

"வேலை போச்சில்ல, அந்தக் கடுப்பு. கண்டுக்காத, உடு" என்றேன்.

கௌரி சரி என்று தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு வடை வைத்தாள், பாயசம் ஊற்றினாள். போதுமா பெரியம்மா என்று கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன்.